அத்தான் என்ற சொல்லும் என் பட்டுக்கரை வேட்டியும்

என் மனைவி வாய் நிறைய 'அத்தான்' என்று கூப்பிடுவாள். அந்தக் கூப்பாடு எனக்கில்லை. (பதற வேண்டாம், நீங்கள் நினைக்கிற மாதிரிக் கதை இல்லை இது.) அவள் அப்படிக் கூப்பிடும் மனிதர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் மீன் லோரியை நிறுத்தி ஹார்ன் அடிப்பார். உடனே "வாங்க அத்தான், பசியாறிட்டீங்களா அத்தான்" என்று உபசாரம் தொடங்கிவிடும். தாலி கட்டிய நான் பக்கத்தில் நின்று மீன் பெட்டியை இறக்கிக்கொண்டிருப்பேன். என்னைக் கூப்பிட அவளிடம் இருப்பது 'ஏங்க' ஒன்றுதான். கோபம் வந்தால் அதிலும் பாதிதான் வரும்.

இதற்காக அவளை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. 'அத்தான்' என்ற சொல் அந்த மீன் லோரிக்காரருக்குத்தான் சொந்தம் என்று ஊரைக் கூட்டி வைத்து, மேடையேறி, மைக் பிடித்து நிரூபித்தவன் நானேதான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில், கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். பெயர்தான் ரப்பர்த் தோட்டம். பாதிக்கு மேல் செம்பனையாக மாறியிருந்தது. நான் டவுனில் ஓர் இரும்புக்கடையில் வேலை பார்த்தேன். ஆணி நிறுத்துக் கொடுப்பதுதான் வேலை. லயத்து வரிசை வீடுகளில் யாராவது கேட்டால் 'கம்பெனியில் கிராணி' என்று குமாஸ்தா மாதிரிச் சொல்லிக்கொள்வேன். அதோடு தோட்டத்து இளைஞர் மன்றத்தின் செயலாளர் வேறு. மன்றத்தில் 'வாரம் ஒரு சொல்' என்று ஒரு நிகழ்ச்சியை நானே தொடங்கி நானே நடத்திவந்தேன். பந்து விளையாடிவிட்டு வியர்வையோடு வரும் பையன்களை உட்காரவைத்து, ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து அதன் பொருள் என்ன, அது எப்படிப் பிறந்தது என்று விளக்குவேன். பந்து என் பொறுப்பில் இருந்ததால் அவர்களும் கேட்டார்கள்.

அந்தத் தோட்டத்தில் பெருமாள் என்று ஒரு மண்டோர் இருந்தார். ஐம்பது பேரை வேலை வாங்குகிற மனிதர். அவர் தொண்டையைச் செருமினால் மூன்றாவது லயத்தில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். தோட்டமே அவரை 'மண்டோரய்யா' என்றது. நான் மட்டும் 'மாமா' என்பேன். அவர் மனைவியை 'அத்தை' என்பேன். இதில் ஒரு கணக்கு இருந்தது. அவரை அண்ணன் என்று கூப்பிட்டால் அவர் மகள் எனக்கு மகள் முறை ஆகிவிடுவாள். சித்தப்பா என்றால் தங்கச்சி. தோட்டத்தில் இதெல்லாம் விளையாட்டில்லை; ஒருமுறை வாய் தவறினால் ஆயுசுக்கும் அந்த முறைதான். அவருக்கு வசந்தா என்று ஒரு இளைய மகள் இருந்ததால் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.

வசந்தா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். காலை பஸ்ஸுக்கு இருவரும் ஒரே இடத்தில் நிற்போம். பல மாதங்கள் மழையைப் பற்றி மட்டுமே பேசினோம். ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

"சினிமாவுல பொண்ணுங்க எல்லாம் அத்தான் அத்தான்னு கூப்பிடுறாங்களே, நம்ம லயத்துல யாருமே அப்படிக் கூப்பிடறதில்லையே, ஏன்? நீங்கதான் சொல்லுக்கெல்லாம் அர்த்தம் சொல்றவராச்சே."

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிப் போய்விட்டாள். நான் என் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். உலகத்தில் எத்தனையோ சொற்கள் இருக்க, ஒரு பெண் இந்தச் சொல்லை எடுத்து என்னிடம் கேட்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? (ஒரு அர்த்தமும் இல்லை. முந்தின நாள் படம் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். இதை அவளே பின்னால் சொன்னாள்.)

அன்றிலிருந்து அந்தச் சொல்லின் மூலத்தைத் தேட ஆரம்பித்தேன். தேடல் எங்கள் அடுப்படியில் தொடங்கி அங்கேயே முடிந்தது. "அம்மா, அத்தான்னா யாரு?" என்று கேட்டேன். "அத்தை மவன் அத்தான். இதுகூடத் தெரியாம என்னடா செயலாளரு?" என்று கேட்டுவிட்டு அம்மா தேங்காய் துருவப் போய்விட்டார். 'அத்தன்' என்றால் தகப்பன், மூத்தவன் என்று பழைய தமிழில் பொருள், அதற்கும் இதற்கும் உறவு இருக்கலாம் என்றெல்லாம் நான் பல வருஷங்கள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அந்த வயதில் எனக்கு அம்மா சொன்னதே போதுமாக இருந்தது. அதற்கு மேல் ஒரு இரண்டாம் பாதியை நானே யோசித்துச் சேர்த்தேன். அந்த இரண்டாம் பாதி அழகாக வந்திருந்தது. அதை வசந்தா காதில் போடவேண்டும், அதே நேரத்தில் பெருமாள் மண்டோரிடமும் நல்ல பெயர் வாங்கவேண்டும். அவர் சரி என்று தலையாட்டாமல் வசந்தா எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

வாய்ப்பு சீக்கிரமே வந்தது. வசந்தாவின் அக்கா சரோஜாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை உலு யாம் பக்கம். கல்யாணம் எங்கள் தோட்டத்து டேவானில். மண்டபத்தை அப்படித்தான் சொல்வோம். தாலி கட்டிய பிறகு இளைஞர் மன்றத்தின் சார்பில் நான் ஐந்து நிமிஷம் வாழ்த்துரை சொல்வதாக ஏற்பாடு. அதற்காகக் கிள்ளானுக்குப் போய் ஒரு பட்டுக்கரை வேட்டி வாங்கினேன். இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வேட்டி அது. அதுவரை நான் வேட்டி கட்டியதே இல்லை என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே பள்ளிக்கூட காலத்துப் பந்து விளையாட்டு அரைக்கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன். நீல நிறம். பின்பக்கம் பெரிய வெள்ளை எழுத்தில் ஏழு என்று போட்டிருக்கும்.

கல்யாணத்தன்று காலையில் எல்லாரும் வந்துவிட்டார்கள், மாப்பிள்ளை வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்த வாடகை பஸ் செரண்டா தாண்டியதும் நின்றுபோய்விட்டதாம். ஆபீசுக்குப் போன் வந்தது. "தள்ளிக்கிட்டு இருக்காங்க" என்று செய்தி. கூட்டம் சலசலக்க ஆரம்பித்தது. பெருமாள் மாமா டேவானுக்கும் ரோட்டுக்கும் நடந்து நடந்து களைத்து, கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, என்னமோ பேசுறேன்னியே. இப்பவே ஏறிப் பேசு. அவங்க வர்ற வரைக்கும் நிறுத்தாத."

நிறுத்தாதே என்று என்னிடம் முதலும் கடைசியுமாகச் சொன்ன மனிதர் அவர்தான்.

மேடையேறினேன். பின்னால் மணவறை, முன்னால் மைக், எதிரே தோட்டம் முழுக்க. முதல் வரிசையில் வசந்தா, கையில் பன்னீர்ச் சொம்போடு நின்றாள். தொடங்கிவிட்டேன்.

"அவையோரே! மணமகள் இன்று முதல் தன் கணவரை எப்படி அழைக்கப்போகிறார்? அத்தான் என்றா? அந்தச் சொல்லின் பொருள் என்ன? அதன் பிறப்பு எங்கே? அத்தையின் மகன் அத்தான்! ஒரு பெண் பிறந்ததுமே அவளுக்கு உரியவன் அவன் என்று நம் முன்னோர் முடிவு செய்தார்கள். அவனைத் தாண்டி வேறொருவன் அவள் கழுத்தில் தாலி கட்டலாமா? கட்டலாம். ஆனால் எப்படி? முறைக்காரனை அழைத்து, தட்டில் வெற்றிலை பாக்கு, வேட்டி துண்டு வைத்து, 'போகலாமா' என்று அவன் வாயால் சம்மதம் வாங்கிய பிறகே கட்டலாம்! அந்த மரியாதையைச் செய்யாமல் நடக்கும் கல்யாணம் கல்யாணமா? ஆகவே அத்தான் என்ற சொல்லுக்கு உரியவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். ஒருவனே ஒருவன்தான்!"

இங்கே கைதட்டலுக்காக நிறுத்தினேன். அதுவரை சொன்னது முதல் பாதி. 'அது அந்தக் காலம்' என்று ஆரம்பித்து இரண்டாம் பாதிக்குத் தாவுவதாகத் திட்டம். கைதட்டலும் வந்தது. வந்து ஓய்ந்தது. ஒரே ஒரு ஆள் மட்டும் கடைசி வரிசையில் நின்று தட்டிக்கொண்டே இருந்தார். தட்டியபடியே நடந்து முன்னால் வந்தார். காக்கி அரைக்கால்சட்டை, பனியன், ரப்பர் பூட்ஸ். அவர் வர வர இரண்டு பக்கமும் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வழி விட்டார்கள்.

அவர்தான் முனுசாமி. பாகான் நக்கோடா ஓமாரில் மீன் ஏற்றி ரவாங் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற லோரிக்காரர். பெருமாள் மாமாவின் சொந்த அக்கா மகன். அதாவது சரோஜாவுக்கும் வசந்தாவுக்கும் அசல், கலப்படமில்லாத அத்தை மகன்.

அக்காவும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சரோஜா பெரியவளானபோது நடந்த சடங்கில், பாயாசம் தண்ணியாக இருக்கிறது என்று அக்கா சொல்லிவிட்டாராம். அதோடு உறவு அறுந்தது. கல்யாணத்துக்கும் சொல்லி அனுப்பவில்லை. முனுசாமிக்கு மனசு கேட்கவில்லை. போகிற வழிதானே, லோரியை ஓரமாகப் போட்டுவிட்டுப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று வந்திருக்கிறார். ஒரு வாய் சாப்பிடக்கூட நினைக்கவில்லை. அந்த நல்ல மனிதரைத்தான் நான் மைக் வைத்துக் கிளப்பிவிட்டேன்.

"தம்பி" என்றார் என்னைப் பார்த்து. "நீங்க சொன்னதெல்லாம் சத்தியமா?"

"சத்தியம்" என்றேன், யார் என்று தெரியாமல். (முகத்தில் ஒரு புன்னகை வேறு.)

"நான்தான் இந்தப் பொண்ணுக்கு அத்தான்."

அவர் மேடையேறினார். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். மணவறைப் படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மாமா!" என்று கூப்பிட்டார். "எனக்கு வீட்டுல பொண்டாட்டி இருக்கு, ரெண்டு பிள்ளைங்க இருக்கு. சரோஜா எங்க போனாலும் நல்லா இருக்கட்டும். எனக்கு வேண்டியது மரியாதைதான். தட்டுல ஒரு வேட்டி, துண்டு, வெத்தில பாக்கு. 'போகலாமா முனுசாமி'ன்னு ஒரு வார்த்தை. கேட்டுட்டா எந்திரிச்சிப் போயிடுறேன். சீக்கிரம் கேளுங்க மாமா, வெளிய ஐஸ் கரையுது."

பெருமாள் மாமா மேடைக்கு வந்து நின்றதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. முனுசாமியை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். முனுசாமிக்குக் கிடைத்த பார்வை பரவாயில்லை.

"எங்க பாயாசத்தைத் தண்ணின்னு சொன்னவ மவனுக்கு நான் வேட்டி குடுக்கறதா? கேக்க மாட்டேன்டா."

"அப்ப நானும் எந்திரிக்க மாட்டேன் மாமா. தம்பி சொன்னாரே, இது கல்யாணமே இல்லேன்னு."

"நான் இன்னும் முடிக்கலைங்க, இன்னொரு பாதி இருக்கு..." என்று நான் மைக்கைத் தேடினேன். மைக்செட்காரர் அதற்குள் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை பஸ் வந்துவிட்டது. சம்பந்திகள் பார்த்துவிடக் கூடாதே என்று மாமா, "திரையை இழுத்து மூடு" என்று கத்தினார். மேடைக்குச் சிவப்பில் ஒரு முரட்டுத் திரை உண்டு; கயிற்றை இழுத்தால் இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேரும். மூடியாகிவிட்டது. சரோஜாவைப் பின்வழியாக ஏற்றி மணவறையில் உட்காரவைத்தார்கள்; அத்தையும் வசந்தாவும் கூடவே ஏறி வந்தார்கள். சம்பந்திகளுக்குக் கீழே சர்பத் கொடுத்தார்கள். உள்ளே அலங்காரம் நடக்கிறது என்று சொன்னார்கள். மாமாவின் குரலுக்குத் திரையெல்லாம் ஒரு தடையே இல்லை என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளையை மட்டும் பக்கவாட்டுப் படி வழியாக ஏற்றிவிட்டார்கள். பாவம், பஸ் தள்ளிச் சட்டையெல்லாம் கரியோடு வந்திருந்தார். மணவறைப் படியில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து, "இவரு யாரு?" என்று என்னிடம் கேட்டார்.

"பொண்ணோட அத்தான்" என்றேன்.

"அப்ப நான் யாரு?"

அதற்கு நான் என் இரண்டாம் பாதியைத்தான் பதிலாகச் சொல்லவேண்டும். அவருக்கு அதைக் கேட்கிற பொறுமை இல்லை.

தாலி எடுத்துக் கொடுக்க வந்த கோயில் பண்டாரம் ஒருபக்கம் நல்ல நேரம் முடியப்போகிறது என்று மணியை ஆட்டினார். முனுசாமி இன்னொரு பக்கம் ஐஸ், ஐஸ் என்றார். கடைசியில் மணப்பெண் சரோஜாவே தலையை நிமிர்த்திவிட்டாள்.

"அப்பா, ஒரு வேட்டிதானே. குடுத்துட்டு முடிங்கப்பா. எனக்கு முதுகு வலிக்குது."

மாமாவுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. "நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? புது வேட்டி எங்க இருக்கு? கட்டுன வேட்டியைக் குடுக்க முடியுமா? டவுனுக்குப் போய் வாங்கியாறதுக்குள்ள நேரம் போயிடும்லா" என்று கையை விரித்தார். பேச்சு முடிந்தது என்கிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

அப்போது வசந்தா பேசினாள். நாலு பேர் முன்னால் என்னைப் பற்றி அவள் பேசிய முதல் வாக்கியம் அது. அதற்காக நான் பல மாதங்கள் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்திருக்கிறேன்.

"அந்தா, அவரு கட்டியிருக்கிறது புதுசுதான். கம்பெனிச் சீட்டுகூட இன்னும் பின்னால ஒட்டியிருக்கு."

எல்லாரும் என் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். சீட்டு இருந்தது. வேட்டி கட்டத் தெரியாதவனுக்குச் சீட்டைக் கிழிக்க எப்படித் தெரியும்? முனுசாமி எழுந்து வந்து கரையைத் தடவிப் பார்த்தார். "சீட்டு இருக்கிறவரைக்கும் புதுசுதான், நான் ஒத்துக்கிறேன்" என்றார் பெரிய மனதோடு.

"அவுத்துக் குடுப்பா" என்றார் மாமா.

நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் மும்முரமாகப் பன்னீர்ச் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. திரைகள் இரண்டும் நடுவில் சேரும் இடத்துக்குப் போனேன். வலது பக்கத் திரையை இழுத்து இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை நன்றாகச் செருகிக்கொண்டேன். உள்ளிருந்தபடியே வேட்டியை உருவிக் கொடுத்தேன். அந்த நிலையிலும் ஒருவித கம்பீரத்தோடுதான் நின்றதாக ஞாபகம். யாராவது ஒரு கைலி கொண்டுவருவார்கள் என்று நம்பினேன். தட்டில் வெற்றிலை வைத்தார்கள், பாக்கு வைத்தார்கள், என் வேட்டியை வைத்தார்கள். கைலியைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை.

மாமா தட்டை நீட்டினார். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வார்த்தை மாமா" என்றார் முனுசாமி.

மாமா தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"ஒரு வார்த்தைதான் மாமா."

பண்டாரத்துக்குப் பொறுமை போய்விட்டது. "நேரமாச்சுய்யா! திரையைத் தெறங்க!" என்று கத்தினார்.

கயிற்றடியில் நின்றவர்களுக்கு மேடையில் நடப்பது எதுவும் தெரியாது. உத்தரவு வந்தது, இழுத்தார்கள். இடது பக்கத் திரை அழகாக விலகியது. வலது பக்கத் திரை கொஞ்சம் விலகி, என்மேல் வந்து நின்றது. "சிக்கியிருக்கு, நல்லா இழு!" என்று ஒரு குரல் கேட்டது. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

நான் புறப்பட்டேன். அதை நடை என்றும் சொல்ல முடியாது, ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் நண்டு மாதிரி, கால்கள் தரையில் பட்டும் படாமலும், உலு யாம் சம்பந்திகள் அத்தனை பேர் கண்முன்னால் மேடையின் நடுவிலிருந்து வலது ஓரம் வரைக்கும் போனேன். வழியில் மாமாவும் முனுசாமியும் தட்டோடு நின்றார்கள். "நகருங்க, நகருங்க" என்று சொல்லிக்கொண்டே இருவருக்கும் நடுவில் புகுந்து போனேன். வெற்றிலை பறந்தது. செருகியிருந்த முனை நழுவியது. ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது திரை என்னை ஒரு சுழற்று சுழற்றி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிறுத்தியது.

 கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர் நிதானமாக வாசித்தார்: "ஏழு."

அப்போதுதான் பின்னால் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். முதலில் மூச்சு உள்ளே போகிற சத்தம், பிறகு 'ஈஈஈ' என்று ஒரு கீச்சுக் குரல். பெருமாள் மாமா சிரித்து அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய தொண்டைக்குள் இவ்வளவு சின்னச் சிரிப்பா என்று நான் திரும்பிப் பார்த்தால், அதே 'ஈஈஈ' முனுசாமியிடமிருந்தும் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் தோள் ஒரே மாதிரி குலுங்கியது. இரண்டு பேரும் ஒரே மாதிரி இடது கையால் கண்ணைத் துடைத்தார்கள்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எங்க நாத்தனாரும் இப்படித்தான் சிரிக்கும்" என்றார்.

மாமாவுக்கு அது காதில் விழுந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முனுசாமியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே கிடந்த வெற்றிலையைத் தானே குனிந்து பொறுக்கித் தட்டில் வைத்து, இந்த முறை நேராக முகத்தைப் பார்த்து நீட்டினார்.

"போகலாமாடா முனுசாமி?"

"நல்லா போகலாம் மாமா" என்றார் முனுசாமி. காக்கி அரைக்கால்சட்டைக்கு மேலேயே என் பட்டுக்கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு, மணவறைக்குப் பக்கத்தில் பெண் வீட்டுக்காரராக நிமிர்ந்து நின்றார். தாலி ஏறியது. நான் திரையைச் சுற்றிக்கொண்டு வலது ஓரத்திலேயே நின்று அட்சதை போட்டேன். திரையின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம்தான் என் அட்சதையும் போனது.

முனுசாமி புறப்படும்போது மாமா ஒரு வாளிப் பாயாசத்தை லோரியில் ஏற்றினார். "உங்கம்மாகிட்ட குடு. கெட்டியா இருக்கான்னு கேட்டுச் சொல்லு" என்றார். மறுவாரம் பதில் வந்தது: கெட்டியாக இருக்கிறதாம், இனிப்புதான் கொஞ்சம் கம்மியாம். இந்தத் தடவை மாமா கோபித்துக்கொள்ளவில்லை. நேரில் போய்ச் சண்டை போட்டுவிட்டு, அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

என் நிலைமை அவ்வளவு சுலபமாகச் சீராகவில்லை. வெட்கத்தில் பல வாரங்கள் ஒரு பஸ் முன்னதாகவே போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்த முந்தின பஸ்ஸுக்கு வசந்தாவும் வந்து நின்றாள்.

"வேட்டிக்கு மன்னிச்சிருங்க" என்றாள். "ஆனா அந்த இன்னொரு பாதி என்னான்னு சொல்லவே இல்லையே நீங்க?"

சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாமாவிடம் பெண் கேட்டேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு 'ஈஈஈ' வந்துவிட்டது. அது அடங்கிய பிறகு, "எனக்கு ஒண்ணுமில்லப்பா. ஆனா நீதானே மைக்குல சொன்ன? அவளுக்கும் முனுசாமிதான் முறை. முதல்ல அவனைப் போய்க் கேளு" என்றார்.

கேட்கப் போனேன். பாகான் நக்கோடா ஓமார் படகுத்துறையில், தட்டில் புது வேட்டியோடு (சீட்டோடுதான்) மீன் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். முனுசாமி கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"வேட்டி கிடக்கட்டும் தம்பி. அன்னைக்குப் பாதியில நிறுத்துனீங்களே, மிச்சம் என்ன? அதைச் சொல்லுங்க."

மைக் இல்லை, மேடை இல்லை. எங்களைச் சுற்றி நாலைந்து பூனைகள் மட்டும் இருந்தன. சொன்னேன். அத்தை மகனுக்கென்று இருந்த சொல்லைப் பெண்கள்தான் எடுத்து வேறு ஒருவனுக்குக் கொடுத்தார்கள். எங்கோ பிறந்த, எந்த உறவும் இல்லாத ஒருவனை ஒரு பெண் அத்தான் என்று கூப்பிட்டால், 'நீ அந்நியன் இல்லை, பிறந்தபோதே எனக்கென்று இருந்தவன்' என்று அவனுக்கு ஒரு முறையை அவளே உண்டாக்கித் தருகிறாள். அதனால் அவள் யாரை மனதார அப்படிக் கூப்பிடுகிறாளோ அவன்தான் அத்தான்.

முனுசாமி ஈரக் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இது நல்லா இருக்கே தம்பி. இதை அன்னைக்கே மொதல்ல சொல்லியிருந்தா உங்க வேட்டி உங்ககிட்டயே இருந்திருக்கும்லா?"

"இருந்திருக்கும் அண்ணே."

"சரி, கட்டிக்கிங்க. நான் சம்மதம் சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு. எனக்குக் கூடப் பொறந்த தங்கச்சி இல்ல. கூப்பிடறதுக்கு மாமன் பொண்ணுங்க ரெண்டுதான். சரோஜா உலு யாம் போயிடுச்சு. வசந்தா என்னைத்தான் அத்தான்னு கூப்பிடணும். நீங்க உங்களுக்கு வேற பேரு பாத்துக்கிங்க."

ஒப்புக்கொண்டேன். அவர் அதைக் கேட்ட விதத்தில் யாராக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். வசந்தாவும் அந்த வார்த்தையைக் காப்பாற்றிவருகிறாள். எங்கள் வீட்டுச் சுவரில் சரோஜாவின் கல்யாணப் படம் ஒன்று தொங்குகிறது. நடுவில் தம்பதி, பக்கத்தில் என் வேட்டியில் முனுசாமி, வலது ஓரத்தில் திரைக்குள் நான். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், மண்டபத்தில் திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்குப் பத்திரிகை தருகிறார்கள். என் பேரப்பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் கொடுக்கும்போதுகூட, ஆறுக்கு அடுத்து வீடே சிரிக்கிறது.

ஒருமுறை எனக்கு டெங்கி வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தேன். காய்ச்சல் இறங்கிய ஒரு மத்தியானம், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு வசந்தா நெற்றியில் கை வைத்து, மெதுவாக, "அத்தான்" என்றாள். நான் கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தேன். லோரி இல்லை. அறையில் வேறு யாரும் இல்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"முனுசாமி அத்தான்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். "அப்புறம் மீன் வராது."

இன்றுவரை சொல்லவில்லை. அவர் கொண்டுவருவது நல்ல மீன்.